சின்ன மியூசியங்களுக்குக் குடும்பத்தோடு போவது எப்படி? குழந்தைகளும் பெரியவரும் உண்டு

வேப்பங்காற்று எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் நாங்கள் ஐந்து பேர். நான், கணவர், 11 வயது மகன், 5 வயது மகள், 76 வயது மாமனார். விடுமுறை நாளில் இந்த ஐந்து பேரும் ஒன்றாகக் கிளம்பி, ஐந்து பேரும் முகம் சுளிக்காமல் திரும்பி வருகிற மாதிரி ஓர் இடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும்.

போன மாதம் ஒரு பெரிய அருங்காட்சியகத்துக்குப் போனோம். முதல் இரண்டு கூடம் நன்றாகவே போனது. மூன்றாவதில் மகள் தடுப்புக் கயிற்றைப் பிடித்து ஊஞ்சலாட, காவலர் ஓர் அதட்டல் போட, அவள் அழ ஆரம்பித்தாள். அதே நேரம் மாமனார் உட்கார இடம் தேடி எங்கேயோ போய்விட்டார், அவரைக் கண்டுபிடிக்கவே இருபது நிமிடம் ஆனது. மகன் ஒவ்வொரு வாசலிலும் "இன்னும் எத்தனை ரூம் இருக்கு?" என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்தபோது எனக்கே எதைப் பார்த்தோம் என்று நினைவில் இல்லை. அதுதான் ரொம்ப வருத்தமாக இருந்தது.

இப்போது ஒரு தோழி, பெரிய இடங்களை விட்டுவிட்டு, ஒரே ஒரு விஷயத்துக்கென்று இருக்கும் சின்ன மியூசியங்களுக்குப் போகச் சொல்கிறாள். எங்களால் ஒரே நாளில் போய் வரக்கூடிய தூரத்தில் மூன்று இருக்கின்றன: ஒரு பழைய அச்சகம், ஒரு தொலைபேசி மியூசியம், ஒரு பொம்மை மியூசியம். பொம்மை என்றால் மகள் வருவாள், மகன் வரமாட்டான். மற்ற இரண்டும் 5 வயதுக் குழந்தைக்குப் புரியுமா?

இன்னொரு தயக்கமும் இருக்கிறது. பெரிய இடத்தில் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடலாம், பிடிக்காவிட்டால் நழுவியும் விடலாம். சின்ன இடத்தில் நாங்கள் மட்டும்தான் இருப்போம், அங்கே இருப்பவர் ஆசையாக விளக்கிக்கொண்டிருக்கும்போது மகன் கொட்டாவி விட்டால் அவர் மனம் கஷ்டப்படாதா? எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும், போகும் முன் பிள்ளைகளிடம் என்ன சொல்ல வேண்டும், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


இருவாட்சி எழுதியது:

முதலில் ஒன்று. "இன்னும் எத்தனை ரூம்" என்று கேட்டதற்காக உங்கள் மகனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தக் களைப்புக்கு நூறு வருஷத்துக்கு முன்பே பெயர் வைத்துவிட்டார்கள். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் என்பவர் 1916இல் 'மியூசியம் களைப்பு' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு மனிதரைக் கண்ணாடிப் பெட்டிகளின் முன் நிறுத்தி, ஒவ்வொரு பொருளையும் பார்க்க அவர் எப்படி எப்படியெல்லாம் குனிந்து, முதுகை வளைத்து, கழுத்தை நீட்ட வேண்டியிருக்கிறது என்று போட்டோ எடுத்துப் போட்டிருந்தார். வளர்ந்த மனிதருக்கே அந்தப் பாடு என்றால், பெட்டியின் விளிம்பு கண்ணுக்கு மேலே நிற்கும் 5 வயதுக் குழந்தைக்கு எப்படி இருக்கும்? அவள் பார்த்ததெல்லாம் மேஜைக் கால்களைத்தான். உங்கள் மகள் உயரத்துக்கு ஒரு தடவை குனிந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

நாங்கள் ஆறேழு வருஷமாகச் சின்ன மியூசியங்களாகத் தேடித் தேடிப் போகிறோம். எனக்குத் தெரிந்தவரை, எந்தப் பொருளைப் பற்றிய மியூசியம் என்பது இரண்டாவது கேள்விதான். அங்கே ஏதாவது ஓடுகிறதா, சுழல்கிறதா, சத்தம் போடுகிறதா, பக்கத்தில் நின்று சொல்ல ஆள் இருக்கிறாரா, இதுதான் முதல் கேள்வி. அதனால் போகும் முன் கட்டாயம் போன் செய்யுங்கள். இணையத்தில் போட்டிருக்கும் நேரத்தை நம்ப வேண்டாம். சின்ன இடங்கள் பல வாரத்தில் இரண்டு நாள்தான் திறக்கும், அதுவும் சாவி வைத்திருப்பவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்கு இல்லை. நாங்கள் இரண்டு முறை பூட்டின கதவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம். போனில் மூன்று விஷயம் கேட்பேன்: அன்றைக்கு எந்த இயந்திரத்தையாவது ஓட்டிக் காட்டுவீர்களா, எத்தனை மணிக்கு? வயதானவர் ஒருவர் வருகிறார், நடுவில் உட்கார நாற்காலி இருக்குமா, படி எத்தனை? சின்னக் குழந்தை தொட்டுப் பார்க்க ஏதாவது உண்டா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்கிற குரலிலேயே அந்த இடம் எப்படிப்பட்டது என்று பாதி தெரிந்துவிடும்.

நேரம் ஒரு மணி, ஒன்றேகால் மணி. அதற்கு மேல் வேண்டாம். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமே என்று பிள்ளைகள் கேட்கும்போதே கிளம்பிவிட வேண்டும்.

ஒரு பொருள் எவ்வளவு சாதாரணமோ அவ்வளவு நல்லது என்பது என் அனுபவம். இங்கிலாந்தில் கெஸ்விக் என்ற ஊரில் பென்சிலுக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது. பென்சிலில் பார்க்க என்ன இருக்கப்போகிறது என்று தோன்றும். ஆனால் பக்கத்து மலைப் பள்ளத்தாக்கில் கிடைத்த கிராஃபைட்டில் ஆரம்பித்து, இரண்டாம் உலகப் போரில் விமானப்படையினருக்காக உள்ளே மெல்லிய காகித வரைபடத்தைச் சுருட்டி, அடியில் குட்டித் திசைகாட்டியை ஒளித்துத் தயாரித்த பென்சில் வரைக்கும் அங்கே இருக்கிறது. பத்து வயதுப் பையன் இதைக் கேட்டபிறகு தன் பெட்டியில் இருக்கும் பென்சிலைப் பார்க்கும் பார்வையே வேறு. டெல்லியில் 1992இல் தொடங்கிய கழிப்பறை மியூசியம் ஒன்று உண்டு. பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயியின் சிம்மாசனக் கழிப்பறை மாதிரி ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், சிரித்து முடித்ததும் "அப்போ மத்தவங்க எல்லாம் எங்க போனாங்க?" என்று கேட்பார்கள். சுகாதாரத்தின் முழு வரலாறும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

உங்கள் மகனுக்கு ஒரு வேலை. பழைய பொருள்களின் அடியிலோ ஓரத்திலோ பொடி எழுத்தில் ஓர் எண் எழுதியிருப்பார்கள். பல மியூசியங்களில் 1984.12.3 என்கிற மாதிரி இருக்கும். 1984இல் வந்தது, அந்த வருஷம் வந்து சேர்ந்த பன்னிரண்டாவது தொகுப்பு, அதில் மூன்றாவது பொருள் என்று அர்த்தம். இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு விட்டுவிடுங்கள். இருப்பதிலேயே முதலில் வந்த பொருள் எது, ஒரே வீட்டிலிருந்து ஒன்றாக வந்தவை எவை என்று அவனே துப்பறிய ஆரம்பித்துவிடுவான். என் மகள் ஒரு தடவை ஒரு தையல் இயந்திரம், ஒரு கத்தரிக்கோல், ஒரு குழந்தைச் சட்டை மூன்றும் ஒரே தொகுப்பு என்று கண்டுபிடித்தாள். மூன்றும் மூன்று வெவ்வேறு மூலையில் இருந்தன. கேட்டபோது, ஒரே அம்மாளின் வீட்டிலிருந்து வந்தவை என்று அங்கிருந்தவர் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். பெரிய இடத்தில் பதிவேட்டை யார் எடுத்துக் காட்டப் போகிறார்கள்?


ஈயஎழுத்து எழுதியது:

நான் ஓர் அச்சு மியூசியத்தில் வார இறுதியில் தன்னார்வலராக இருக்கிறேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருப்பவன் என்பதால் உங்கள் தயக்கத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகன் தாராளமாகக் கொட்டாவி விடட்டும். நாங்கள் மனம் கஷ்டப்படுவது கொட்டாவிக்கு இல்லை. பிள்ளை ஏதோ கேட்க வாயெடுக்கும்போது "சும்மா இரு, அவர் பேசுறார் இல்ல" என்று பெற்றோர் அடக்கும்போதுதான் கஷ்டமாக இருக்கும். அந்தக் கேள்விக்காகத்தான் நாங்கள் அங்கே நின்றுகொண்டிருக்கிறோம். காலையிலிருந்து ஒருவர்கூட வராத நாள்கள் உண்டு. ஒரு குடும்பம் உள்ளே வந்தால் எங்களுக்கு அது திருவிழா மாதிரி.

நான் அதிகம் பேசுகிறேன் என்று தோன்றினால் "இதை இவன் ஒரு தடவை செய்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள், பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு இயந்திரத்தின் பக்கம் போய்விடுவேன். என்னைப் போன்ற எல்லோரும் அப்படித்தான்.

அச்சகத்துக்கு 5 வயதுக் குழந்தை வரலாமா என்றால், என் பதில் எழுத்துக் கற்றுக்கொண்டிருக்கும் வயதுதான் அதற்குச் சரியான வயது. ஈய எழுத்து கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலம் மாறி இருக்கும். குழந்தையின் பெயரில் உள்ள எழுத்துகளை, ஈய எழுத்துகள் போட்டு வைத்திருக்கும் கேஸிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அவள் உள்ளங்கையில் வைப்பேன். 'ப' எப்படிப் பார்த்தாலும் ஏறக்குறைய ப மாதிரியே இருக்கும், அதனால் அதில் ஏமாந்துவிடுவார்கள். 'ட' தான் காட்டிக்கொடுக்கும், அதன் கால் எதிர்ப்பக்கம் நீண்டிருக்கும். "அங்கிள், தப்பா செஞ்சிருக்காங்க" என்று நிறையக் குழந்தைகள் சொல்லியிருக்கிறார்கள். எதுவும் சொல்லாமல் அதை மையில் ஒற்றிக் காகிதத்தில் அழுத்தித் தூக்குவேன். அந்த இடத்தில் அவர்கள் முகம் போகிற போக்கை நீங்கள் பார்க்க வேண்டும். அப்புறம் டிரெடில் மெஷின் என்கிற சின்ன அச்சு இயந்திரத்தின் சக்கரத்தை நான் சுற்ற, தங்கள் பெயர் இருபது தாளில் வந்து விழுவதை எண்ணுவார்கள். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் பிளாண்டின்-மொரெட்டஸ் மியூசியம் இருக்கிறது, உலகிலேயே எஞ்சியிருக்கும் மிகப் பழைய அச்சு இயந்திரங்கள் இரண்டு அங்கேதான். 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். அந்தப் பழைய இயந்திரத்தின் படத்தைக் காட்டி, அதுவும் எங்கள் மெஷினும் அடிப்படையில் செய்வது ஒன்றுதான் என்று சொன்னால் பெரிய பிள்ளைகள் நம்ப மறுத்து வாதம் செய்வார்கள். அந்த வாதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அந்த எழுத்துகளில் ஈயம் இருக்கிறது, தகரமும் ஆண்டிமனியும் கலந்திருக்கும். தொட்ட கையை வாயில் வைக்கக் கூடாது, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சின்னப் பிள்ளைகள் எழுத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரைக்கும் நான் பக்கத்தை விட்டு நகரவே மாட்டேன். அங்கே யாரும் சொல்லாவிட்டாலும் நீங்கள் கை கழுவ வையுங்கள்.

தொடாதே என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். காரணம் சொல்லாமல் தொடாதே என்றால் எந்தக் குழந்தையும் தொடும். என்னிடம் ஒரு பித்தளைத் தகடு இருக்கிறது, வேண்டுமென்றே துடைக்காமல் விட்டது. யாரோ எப்போதோ வைத்த கட்டை விரல் அதில் பழுப்பாக, ரேகை ரேகையாகப் பதிந்திருக்கிறது. வியர்வையில் இருக்கும் உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் உலோகத்தைத் தின்றுவிடும் என்று அதைக் காட்டித்தான் சொல்வேன். அதைப் பார்த்தபிறகு தானாகக் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். துணி, பழைய காகிதம் வைத்திருக்கும் அறை ஏன் இருட்டாக இருக்கிறது என்றும் கேட்பார்கள். அப்படிப்பட்ட பொருள்களுக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் கூடாது என்பது வழக்கம், அலுவலக மேஜையில் விழுவது அதைப்போல ஆறு மடங்கு, பத்து மடங்கு இருக்கும். வெளிச்சத்தால் வந்த வெளிறல் திரும்பிப் போகாது, சேர்ந்துகொண்டே போகும். இருட்டுக்குக் கண் பழக இரண்டு நிமிடம் வாசலிலேயே நில்லுங்கள். அவசரமாக நுழைந்து "ஒண்ணும் தெரியலை" என்று திரும்பிவிடுகிறவர்கள் நிறைய.

பெரியவருக்கு நாற்காலி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் என் மேஜை நாற்காலியையே எடுத்துக்கொண்டு அறை அறையாகப் பின்னால் வருவேன். பலமுறை செய்திருக்கிறேன்.


கைராட்டை எழுதியது:

இருவாட்சி சொன்னதில் ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. எண் தேடுவது, அது இது என்று பிள்ளைகளுக்கு வேலை கொடுப்பது எல்லாப் பிள்ளைக்கும் ஒத்துவராது. எங்கள் பெரியவனிடம் ஒரு தாளைக் கொடுத்தால் அந்தத் தாளை நிரப்புவதிலேயே குறியாக இருப்பான், பொருளை நிமிர்ந்து பார்க்கவே மாட்டான். பள்ளிக்கூடம் மாதிரி ஆகிவிடும். அவனுக்கு நாங்கள் செய்வது ஒன்றே ஒன்று: உள்ளே போய் ஒரு சுற்று வேகமாகச் சுற்றிவிட்டு, உனக்குப் பிடித்த ஒரு பொருளிடம் போய் நில், நாங்கள் அங்கே வருகிறோம். அவ்வளவுதான். ஒரு தடவை பூட்டு மியூசியத்தில் முக்கால் மணி நேரம் ஒரே பூட்டின் முன் தரையில் உட்கார்ந்திருந்தான். மற்ற முந்நூறு பூட்டுகளை அவன் பார்க்கவே இல்லை. எனக்கு அதில் துளிகூட வருத்தம் இல்லை.

சின்னவனுக்குத் திடீர்ச் சத்தம் ஆகாது, காதைப் பொத்திக்கொண்டு சுருண்டுவிடுவான். இப்படிப் பிள்ளை உள்ளவர்கள், இயந்திரம் எப்போது ஓட்டுவார்கள் என்று கேட்பது அதைப் பார்க்க மட்டும் இல்லை, தவிர்ப்பதற்கும்தான். நாங்கள் போனில் சொல்லிவிடுவோம். ஒரு நீராவி இயந்திர மியூசியத்தில் விசில் ஊதும் முன் ஒருவர் ஓடிவந்து சொல்லி, அவனைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து நின்றார். ஜன்னல் வழியாகப் பார்த்தான், சந்தோஷமாக இருந்தான். காதை மூடும் ஹெட்போன் கடனாகத் தருகிற இடங்களும் இருக்கின்றன, கேட்டுப் பாருங்கள்.

அவனுக்கு மிகவும் பிடித்தது கையால் பார்க்கும் இடங்கள். பிரெய்லி எழுத்து பற்றிய ஒரு சின்னக் காட்சியகத்தில் ஒரு மணி நேரம் இருந்தோம். லூயி பிரெய்ல் 1809இல் பிறந்தவர், அப்பா தோல் வேலை செய்பவர், 3 வயதில் அப்பாவின் பட்டறையில் தோலில் துளை போடும் குத்தூசியை வைத்து விளையாடியபோது கண்ணில் குத்திப் பார்வை போனது. அவர் பிறந்த கூவ்ரே கிராமத்து வீடே இப்போது மியூசியம். 15 வயதில் ஆறு புள்ளிகளை வைத்து அவர் எழுத்து முறையை உண்டாக்கினார். இதைச் சொல்லிவிட்டு, தடிமனான தாளில் குத்தூசியால் புள்ளி வைக்கச் சொன்னார்கள். பார்வையைப் பறித்தது எந்த மாதிரிக் கருவியோ அதே மாதிரிக் கருவியால் எழுதுகிறோம் என்பதை யாரும் சொல்லாமலே என் மகன் பிடித்துக்கொண்டான். வலது பக்கத்திலிருந்து குத்த வேண்டும், தாளைத் திருப்பினால்தான் சரியாக வரும். ஈயஎழுத்து சொன்ன அதே இடம் வலம் விளையாட்டு இங்கேயும்.

அப்புறம் ஓர் எச்சரிக்கை. சிறப்பு மியூசியம் எல்லாமே குழந்தைக்கு ஏற்றது இல்லை. மருத்துவ மியூசியம், போர் மியூசியம், சிறை மியூசியம் எல்லாம் பெரியவர்கள் முதலில் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டியவை. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவின் மூட்டர் மருத்துவ மியூசியத்தில் ஒரு சுவர் முழுக்க மண்டையோடுகள், 139 இருக்கின்றன. சில பிள்ளைகள் அதை ஆர்வமாகப் பார்க்கும், சில பிள்ளைகள் ஒரு வாரம் தூங்காது. உங்கள் பிள்ளை எந்த ரகம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். பொம்மை மியூசியத்தைக்கூட லேசாக நினைக்காதீர்கள். பழைய பீங்கான் பொம்மைகளின் கண்ணைப் பார்த்து அரண்டுபோன குழந்தை என் தங்கை மகள்.

பிடிக்கவில்லை என்றால் கிளம்பிவிடுங்கள். டிக்கெட் எடுத்தாயிற்றே என்று இழுத்துப் பிடிக்க வேண்டாம். பத்து நிமிடத்தில் வெளியே வந்த இடத்துக்கு அடுத்த வருஷம் அவனே கேட்டுப் போன கதை எங்கள் வீட்டில் உண்டு.


இருவாட்சி எழுதியது:

கைராட்டை சொல்வது சரிதான், எங்கள் இரண்டாவதும் தாளைக் கண்டால் ஓடுபவள். பிள்ளையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வேப்பங்காற்று, மூன்றில் ஒன்று என்றால் என் ஓட்டு தொலைபேசிக்கு. சுழற்றும் டயலைப் பார்த்தே இராத குழந்தைக்கு அதைவிட நல்ல விளையாட்டுப் பொருள் கிடையாது. விரலைத் துளையில் விட்டுச் சுழற்றிவிட்டுக் கையை எடுத்தால் அது தானாகத் திரும்பி வரும், திரும்பும்போதுதான் எண்ணை அனுப்பும் என்று சொல்லிப் பாருங்கள். 1 என்றால் ஒரு துடிப்பு, 9 என்றால் ஒன்பது. 0 சுழற்றினால் என்ன என்று மகனைக் கேளுங்கள். ஒன்றுமே இல்லை என்பான். பெரும்பாலான நாடுகளில் அது பத்துத் துடிப்பு.

இன்னொன்று, மே 18 சர்வதேச அருங்காட்சியக நாள், 1977இலிருந்து கொண்டாடுகிறார்கள். சாதாரண நாளில் பூட்டியே இருக்கும் சில சின்ன இடங்கள் அன்றைக்குத் திறப்பதுண்டு.


வேப்பங்காற்று எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். தொலைபேசி மியூசியத்துக்குப் போய்வந்தோம். விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

இரண்டே அறை. போனில் கேட்டபடியே நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். மாமனார் முப்பது வருஷத்துக்கு மேல் தொலைபேசி இணைப்பகத்தில் மெக்கானிக்காக இருந்தவர். அதை நான் இங்கே எழுதாததற்குக் காரணம், அவர் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்றைக்கும் காரில் "நான் பார்க்காததா, நீங்க பார்த்துட்டு வாங்க" என்றுதான் சொன்னார். வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே, அழைப்புகளைத் தானாக இணைத்துவிடும் பழைய ஸ்ட்ரோஜர் ரேக் ஒன்றை மின்சாரம் கொடுத்து ஓடுகிற நிலையில் வைத்திருக்கிறார்கள். ஆல்மன் ஸ்ட்ரோஜர் 1891இல் காப்புரிமை வாங்கிய முறை. இரண்டு டெலிபோன், ஒன்று இந்த அறையில், ஒன்று அடுத்த அறையில். மகள் இங்கிருந்து டயல் செய்ய வேண்டும். அவள் விரலுக்கு டயல் கனமாக இருந்ததால் இரண்டு கையாலும் சுழற்றினாள். எண்களைச் சுழற்றச் சுழற்ற, ரேக்கில் செலக்டர் என்கிற பகுதியில் ஒரு கம்பி கடகடவென்று படிப்படியாக மேலே ஏறி, பிறகு பக்கவாட்டில் திரும்பி வேறொரு முனையைத் தொடுகிறது. மூன்று தடவை அப்படி நடந்ததும் அடுத்த அறையில் மணி அடித்தது. மகன் ஓடிப்போய் எடுத்தான். பத்தடி தூரத்தில் இருந்துகொண்டு இரண்டு பேரும் "ஹலோ, யார் பேசுறது?" என்று பேசினார்கள். 0 பற்றி அவனிடம் கேட்டேன், ஒன்றுமில்லை என்றுதான் சொன்னான். உடனே டயல் செய்து, காதை ரேக்கில் வைத்து எண்ணினான். பத்து. மறுபடி எண்ணினான். அப்போதும் பத்து.

நான்காவது ஐந்தாவது தடவை ஓட்டும்போது மணி அடிக்கவில்லை. விளக்கிக்கொண்டிருந்த இளைஞர் எங்கெங்கோ தட்டிப் பார்த்தார். வாசலிலிருந்து மாமனாரின் குரல் வந்தது: "ரெண்டாவது செலக்டர்ல ரிலே ஒட்டலை, சத்தம் வரலையே." அவர் எழுந்து வந்துவிட்டார். இளைஞர் சட்டென்று நகர்ந்து இடம் விட்டார், அதற்காக அவரை நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன்.

பக்கத்தில் கருவிகள் போட்ட ஓர் இழுப்பறை இருந்தது. அதில் ஒரு மெல்லிய எஃகுத் தகடுக்குக் கீழே 'பயன் தெரியவில்லை' என்று எழுதி வைத்திருந்தார்கள். மாமனார் அதை எடுத்துக் காட்டி, ரிலே என்கிற மின்சாரச் சுவிட்சில் இரண்டு முனை ஒட்டிப் பிரியும் இடத்தில் கரி படியும், இந்தத் தகட்டை நடுவில் விட்டு இரண்டே இழுப்பு இழுத்தால் போதும், மூன்றாவது இழுத்தால் முனையே தேய்ந்துவிடும், புதுசாக வருகிறவர்கள் எல்லோரும் மூன்றாவது இழுத்துத் திட்டு வாங்குவார்கள் என்றார். மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, இளைஞரையே செய்ய வைத்தார். தன் கை நடுங்கும் என்று அவருக்குத் தெரியும். மகன் பக்கத்தில் நின்று "ஒண்ணு, ரெண்டு, போதும்!" என்று எண்ணினான். மறுபடி டயல் செய்தோம். மணி அடித்தது.

இளைஞர் பென்சிலை எடுத்து, 'பயன் தெரியவில்லை' என்பதை அடித்துவிட்டு, மாமனார் சொல்லச் சொல்லப் புதிதாக எழுதினார். அதே இழுப்பறையில் இன்னும் ஏழெட்டுக் கருவிக்குப் பெயர் இல்லை. ஒன்றேகால் மணி என்று திட்டமிட்டுப் போனது, இரண்டே முக்கால் மணி ஆகிவிட்டது. இருவாட்சி, உங்கள் கணக்கு தப்பியது. மகள் கடைசி அரைமணி நேரம் மாமனாரின் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மற்றக் கருவிகளைப் பற்றியும் மாமனார் சொல்வதைப் பதிவு செய்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். அவர் சரி என்றுவிட்டார், ஆனால் வீட்டில் போனை நீட்டினால் இரண்டு வாக்கியத்தோடு நிறுத்திவிடுகிறார். இதை எப்படிச் செய்வது?


ஈயஎழுத்து எழுதியது:

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்கள் இடத்திலும் இரண்டு இழுப்பறை அப்படிக் கிடக்கிறது.

வீட்டில் வேண்டாம். கருவி எதிரில் இருந்தால்தான் வாய் திறக்கும். மறுபடி அங்கேயே போங்கள், அவர்களிடம் சொல்லி அந்தக் கருவிகளை மட்டும் ஒரு மேஜையில் வரிசையாக வைத்துத் தரச் சொல்லுங்கள். ஒரு தடவைக்கு மூன்று போதும், இருபது நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். வீடியோ எடுப்பதாக இருந்தால் முகத்தை வேண்டாம், கையை எடுங்கள். முகத்தில் கேமரா இருந்தால் பெரியவர்கள் மேடைப் பேச்சுக்கு மாறிவிடுவார்கள். ஒவ்வொரு பதிவின் ஆரம்பத்திலும் தேதியையும் அந்தக் கருவியில் எழுதியிருக்கும் எண்ணையும் சத்தமாகச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து எந்தப் பேச்சு எந்தக் கருவிக்கு என்று யாருக்கும் தெரியாது. "இது என்ன?" என்று கேட்டால் பெயரை மட்டும் சொல்வார். "இதைத் தப்பாப் பிடிச்சா என்ன ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி கேட்பது உங்கள் மகனாக இருக்கட்டும்.


வேப்பங்காற்று எழுதியது:

சனிக்கிழமை காலை நேரம் கேட்டிருக்கிறோம். மகன் கேள்விகளை நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டான். முதல் கேள்வி: "தாத்தா, நீங்க மூணாவது இழுப்பு இழுத்தப்போ யார் திட்டினாங்க?"